கிளஸ்டர் வாங்கும் முன் ஆச்சி கேட்ட கேள்வி

காரைக்குடியில் சீப்புச் சீடையும் மணகோலமும் செய்து சிங்கப்பூர் வரை அனுப்பும் ஓர் ஆச்சி, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டார். ஆர்டர் எடுக்கும் தளம் படுத்துவிட்டது. முன்பு வேலை செய்து கொடுத்தவர்கள் கடையின் பின்கட்டில் இரண்டு சர்வர்களை வைத்து குபர்நெட்டிஸ் கிளஸ்டர், அதாவது பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டும் ஏற்பாடு, போட்டிருந்தார்கள். கரண்ட் போய் வந்ததில் ஒன்று எழவில்லை.

"ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும்னுதானே தம்பி ரெண்டு வாங்கச் சொன்னாக?"

நியாயமான கேள்வி. கிளஸ்டரில் எது எங்கே ஓட வேண்டும் என்ற கணக்கை எட்சிடி என்ற டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. பெரும்பான்மை உறுப்பினர்கள் (இங்கே, சர்வர்கள்) உயிரோடு இருந்தால்தான் அதில் எதையும் எழுத முடியும். இரண்டுக்குப் பெரும்பான்மை இரண்டுதான். ஆகவே ஒன்று விழுந்ததும், அதில் ஓடிய கன்டெய்னர்களை (தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் மென்பொருள்களை) மற்றதில் எழுப்ப வழியில்லாமல் போனது. மூன்று இருந்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்து இருந்தால் இரண்டை. எட்சிடியைப் பொறுத்தவரை இரண்டு சர்வர் என்பது ஒன்றைவிட மோசம். எது விழுந்தாலும் வேலை நிற்கும்.

சரி, மூன்று வாங்கினால் போதுமா? போதாது. குபர்நெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம்தான் திருத்தங்கள் வரும். வருடம் ஒருமுறையாவது மேம்படுத்த ஆள் வேண்டும். பார்க்க ஆளில்லாமல் ஓடு சரிந்து கிடக்கும் பெரிய வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆள் இல்லையென்றால் கிளஸ்டரை நடத்தும் மூளையான கன்ட்ரோல் பிளேனைக் கிளவுட் நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள். அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையான இகேஎஸ்ஸில் ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், மாதம் ஏறக்குறைய 73 டாலர். பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டால் அது மணிக்கு 0.60 ஆகிவிடும், பலர் பில் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். சர்வர் வாடகையும் வெளியே போகும் டேட்டாவுக்கான கட்டணமும் தனி.

சர்வர் இருப்பது மும்பை டேட்டா சென்டரிலா, ஹைதராபாத்திலா என்று ரொம்ப யோசிக்காதீர்கள். பலகார ஆர்டருக்கு அந்தச் சில மில்லி செகண்டுகள் பொருட்டே இல்லை. டிஸ்க்கைப் பற்றி யோசியுங்கள். அமேசானின் இபிஎஸ் டிஸ்க் ஒரே அவெய்லபிலிட்டி சோனுக்குள், அதாவது ஒரு பகுதிக்குள் தனித்து இயங்கும் டேட்டா சென்டர் தொகுப்புக்குள், கட்டுப்பட்டது. அந்த சோன் விழுந்தால் கன்டெய்னர் வேறு சோனில் எழலாம், அதன் டேட்டா அதோடு சேர்ந்து வராது. டேட்டாபேஸை நான் கிளஸ்டருக்குள் வைக்கவே மாட்டேன்.

நெட் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டிய பில்லிங் போன்றவற்றுக்குக் கடையிலேயே ஒரு மெஷின் வைக்கலாம். அதற்கு குபர்நெட்டிஸின் சிறிய வடிவமான கே3எஸ் போதும். பல நேரம் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் மட்டுமே போதும்.

ஆச்சிக்கு நாங்கள் கிளஸ்டரே போடவில்லை. வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர், அதில் ஆர்டர் தளத்தின் கன்டெய்னர், டேட்டாபேஸ் தனிச் சேவையில். தினமும் இரவு பேக்கப் எடுக்கிறது. மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, ஆச்சியையே ஓர் ஆர்டர் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.