நார்சிஸஸுக்கு நோய்ச்சீட்டு எழுதாதீர்கள்

"நார்சிஸஸ் தன் அழகில் தானே மயங்கினான்; இடைக்காலக் கவிஞர்கள் நார்சிஸிஸத்தைக் கண்டித்தார்கள்." இப்படித் தொடங்கும் கட்டுரை இந்தப் பருவத்திலும் திருத்த வந்துவிட்டது. மாணவர்களை விட்டுவிடலாம். பாடம் நடத்துகிறவர்களும் அல்லவா இதையே எழுதுகிறார்கள்! கிரேக்கக் கதையின் நார்சிஸஸ், தன்னைக் காதலித்தவர்களை மறுத்துவிட்டு, சுனையில் தெரிந்த பிம்பத்தில் மயங்கி மாய்ந்த இளைஞன்.

அளவு மீறிய தன்மோகத்தைக் குறிக்கும் நார்சிஸிஸம் என்ற சொல்லே 1890களின் கடைசியில் மருத்துவ எழுத்தில் பிறந்தது. ஃப்ராய்டின் கட்டுரை 1914. அமெரிக்க மனநலக் கையேடு அதை ஆளுமைக் கோளாறாகச் சேர்த்தது 1980. இதைக் கொண்டுபோய் 13ஆம் நூற்றாண்டுக் கவிதையில் ஒட்டவைப்பது ஏன்?

அதைவிடப் பெரிய பிழை, "தன்னைத்தானே காதலித்தான்" என்பது. ஐயா, தண்ணீரில் தெரிவது தன் முகம் என்று அவனுக்குத் தெரியாது. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. பழைய ரோமக் கவி ஓவிட்டிடம் அவன் வெகுநேரம் கழித்தே "அது நான்தான்" என்று உணர்கிறான். உணர்ந்த பின்னும் மீள முடியவில்லை. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைப்பாட்டில், நீருக்குள் ஒரு தேவதை இருப்பதாக நினைக்கிறான். ஆங்கிலக் கவி ஜான் கௌவரிடமும் ஒரு வனதேவதையைப் பார்த்துவிட்டதாக நம்பி ஏங்கி, பாறையில் மோதிக்கொண்டு சாகிறான். கண்ணாடி முன் நின்று தலை சீவுகிறவனின் கதை இல்லை இது. நிழலை நிஜம் என்று எடுத்துக்கொண்டவனின் கதை.

இத்தாலியக் கவி தாந்தே இதைத் துல்லியமாகப் பிடித்தார். தன் 'தெய்வீக நாடகம்' காவியத்தில், சொர்க்கப் பகுதியின் 3ஆம் காண்டத்தில், சந்திர மண்டலத்தில் மங்கலாகத் தெரியும் முகங்களைப் பிரதிபலிப்பு என்று எண்ணித் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யாருமில்லை, முன்னால் இருந்தவர்கள் உண்மையான ஆன்மாக்கள். நார்சிஸஸ் செய்த பிழைக்கு நேர் எதிரான பிழை என்று அவரே சொல்கிறார். தற்பெருமைக்கு அங்கே என்ன வேலை?

அப்படியானால் கண்டனமே இல்லையா? உண்டு. கவிஞருக்குக் கவிஞர் அது வேறு. கௌவர் 1390 வாக்கில் முடித்த நூலின் முதல் புத்தகம் செருக்கைப் பற்றியது. அதை ஐந்து கிளையாகப் பிரிக்கிறார்: பாசாங்கு, கீழ்ப்படியாமை, மிதப்பு, பீற்றல், வீண்பெருமை. நார்சிஸஸ் வருவது மூன்றாவதில். எந்தப் பெண்ணும் தனக்கு ஈடில்லை என்று இருந்ததுதான் குற்றம். சுனையில் நடந்தது அதற்குத் தண்டனை. கல்லறையில் பூக்கும் பூ, இயற்கைக்கு மாறாகக் குளிர்காலத்தில் பூக்கிறது. குற்றத்தையும் தண்டனையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

'ரோஜாவின் காதற்கதை' என்ற பிரெஞ்சுக் கவிதை இன்னும் வேடிக்கை. 1230 வாக்கில் எழுதிய கியோம் த லோரி, தன்னைக் காதலித்த எக்கோ என்ற பெண்ணை மறுத்த ஆணின் கதையைச் சொல்லிவிட்டு, காதலர்களைச் சாகவிடும் பெண்களே எச்சரிக்கை என்று நீதியைத் திருப்பிவிடுகிறார்! இது குறும்பா நேர்ப்பேச்சா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். "நீதி தெளிவு" என்று ஒரு வரியில் முடித்தால் மதிப்பெண் கிடையாது.

தற்காதல், அதாவது தன்னன்பு என்ற சொல்லிலும் கை வைக்கும்முன் யோசியுங்கள். அது நார்சிஸஸிடமிருந்து வந்த சொல் இல்லை, கிறித்தவ இறையியலில் இருந்து வந்தது. கடவுளை இகழும் அளவுக்குப் போன தன்னன்பு மண்ணுலக நகரைக் கட்டியது என்றார் அகஸ்டின். ஆனால் கிளேர்வோ பெர்னார்டு வகுத்த அன்பின் நான்கு படிகளில் முதலாவது, தனக்காகத் தன்னை நேசிப்பது. நான்காவது, கடவுளுக்காகத் தன்னை நேசிப்பது. தன்னன்பு முழுக்கப் பாவம் என்றால் அந்த உச்சிப் படி எங்கே நிற்கும்? முறை தவறியதுதான் பாவம். 'ஆணவம்' என்று மொழிபெயர்த்தாலும் சிக்கல்: சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலம் உயிரோடு அநாதியாக ஒட்டியது, இந்தக் கிறித்தவ இறையியலாளர்கள் சொல்வதோ விருப்பத்தின் கோணல்.

தயவுசெய்து, எழுதும்முன் நான்கைப் பாருங்கள். பிம்பம் ஆணா பெண்ணா? தன்னை அடையாளம் காண்கிறானா? எக்கோ இருக்கிறாளா, வேறொருத்தியா, யாருமே இல்லையா? நீதி யார் வாயிலிருந்து வருகிறது?

கடைசிக் கேள்வியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 'ரோஜா'வில் முதல் நாலாயிரத்துச் சொச்சம் வரிகளே கியோமுடையவை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்துப் பதினேழாயிரத்துக்கும் மேல் சேர்த்தவர் ழான் த மன். அவருடைய பகுதியில் ஜீனியஸ் என்னும் கதைமாந்தன் பிரசங்கம் செய்யும்போது நார்சிஸஸின் சுனையைப் பழித்து, உயிர் தரும் வேறொரு ஊற்றைப் புகழ்கிறான். அந்த வரிகளை எடுத்து "கியோம் சொல்கிறார்" என்று எழுதியவர்கள், திருத்தித் திரும்ப அனுப்புங்கள்.