லிப்விர்ட்டில் முதல் நிரல்: இரண்டு ஆயுள்களைப் பிரித்தறிதல்

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஹைப்பர்வைசர்கள் பல இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் கட்டளை முறையை வைத்திருக்கின்றன. ஜென் என்ற ஹைப்பர்வைசரை இயக்க எழுதிய நிரலைக் கேவிஎம் என்ற இன்னொன்றிடம் கொண்டுபோனால் அது அப்படியே ஓடாது. இந்த வேறுபாடுகளை உள்ளே வாங்கிக்கொண்டு, வெளியே ஒரே சி இடைமுகத்தைத் தரும் நிரலகம்தான் லிப்விர்ட். ரெட் ஹேட் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் வேயார் 2005இல் இதைத் தொடங்கியபோது ஜென் ஒன்றே இலக்காக இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் கேவிஎம் இடம்பெற்றதே 2007இல்தான். இன்று கியூஎமு, கேவிஎம், எல்எக்ஸ்சி, விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ் எனப் பலவற்றோடும் அதே இடைமுகம் பேசுகிறது.

இதன் ஆவணத்தைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது செயற்கூறுகளின் நீண்ட பட்டியல். ஆனால் கற்பவரைத் தடுமாற வைப்பது அந்த நீளமன்று. லிப்விர்ட் நம் கையில் தருகிற பாயிண்டர் (ஒரு பொருளைச் சுட்டும் மதிப்பு) ஒவ்வொன்றும் வேறெங்கோ இருக்கும் ஒரு பொருளைக் குறிக்கிறது. பொருளுக்கு ஓர் ஆயுள், நம்மிடம் உள்ள பாயிண்டருக்கு இன்னோர் ஆயுள். இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால், மீதமுள்ளவை ஆவணத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவையே.

"வேறெங்கோ" என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதன்று. "கியூஎமு:///சிஸ்டம்" என்ற முகவரியைக் கொடுத்து இணைப்பைத் திறக்கும்போது, நம் நிரலுக்குள் இருக்கும் நிரலகம் அதே கணினியில் பின்னணியில் இயங்கும் லிப்விர்ட் டீமனுடன் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியிலுள்ள நிரல்கள் பேசிக்கொள்ளும் தடம்) வழியே தொடர்பு கொள்கிறது. நாம் அழைக்கும் செயற்கூறின் பெயருக்குரிய எண்ணும் அதன் உள்ளீடுகளும் எக்ஸ்டிஆர் என்ற தரவு வடிவில் ஒரு செய்தியாகக் கட்டப்பட்டு டீமனுக்குப் போகின்றன. அங்குள்ள கியூஎமு டிரைவர் வேலையை முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே மெய்நிகர் கணினி நம் நிரலின் நினைவகத்தில் இல்லை. நம் நிரல் பாதியில் செயலிழந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முகவரியில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு முறையைச் சேர்த்துத் தொலைவிலுள்ள கணினியின் பெயரைக் கொடுத்தால், அதே நிரல் ஒரு வரி மாற்றத்துடன் அந்தக் கணினியை நிர்வகிக்கும்.

பழகுவதற்கு உண்மையான ஹைப்பர்வைசர் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. "டெஸ்ட்:///டிஃபால்ட்" என்ற முகவரியைக் கொடுத்தால், டீமன் எதுவுமின்றி நம் நிரலின் நினைவகத்திலேயே ஒரு பாவனை ஹைப்பர்வைசர் உருவாகிறது. அதில் "டெஸ்ட்" என்ற பெயரில் ஒரு மெய்நிகர் கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டப்படும். அதை நிறுத்தலாம், அழிக்கலாம், புதியவற்றைச் சேர்க்கலாம். நிரல் முடிந்ததும் எல்லாம் மறைந்துவிடும். ரூட் எனும் நிர்வாகி உரிமையும் வேண்டாம். தொடங்குபவர் முதல் சில நாட்களை இங்கேயே கழிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதல் நிரல் சிறியது. லிப்விர்ட்டின் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, "விர்கனெக்ட்ஓப்பன்" என்ற செயற்கூறுக்கு மேற்கண்ட முகவரியைக் கொடுக்க வேண்டும். அது இணைப்புக்கான பாயிண்டரைத் தரும். தோல்வியடைந்தால் எதையும் சுட்டாத "நல்" (NULL) மதிப்பைத் தரும். கம்பைல் செய்யும்போது "விர்ட்" நிரலகத்தை லிங்க் செய்யச் சொன்னால் போதும்.

இணைப்பு கிடைத்தபின் இயல்பாக எழும் கேள்வி, அங்கே என்னென்ன மெய்நிகர் கணினிகள் உள்ளன என்பதே. லிப்விர்ட் இவற்றை டொமைன் என்கிறது. முன்பு முதலில் எண்ணிக்கையைக் கேட்டு, அதற்கேற்ற நினைவகத்தை ஒதுக்கி, பிறகு பட்டியலைக் கேட்க வேண்டியிருந்தது. இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட கணத்தில் ஒரு டொமைன் புதிதாகத் தொடங்கினாலோ நின்றுவிட்டாலோ கணக்கு பொய்த்துவிடும். 2012இல் வந்த "விர்கனெக்ட்லிஸ்ட்ஆல்டொமைன்ஸ்" இந்தச் சிக்கலைத் தீர்த்தது. டொமைன் பாயிண்டர்களின் வரிசையை ஏந்தும் மாறியின் முகவரியை நாம் கொடுக்கிறோம். நிரலகமே நினைவகத்தை ஒதுக்கி, ஒரே நேரத்தில் எடுத்த பட்டியலை அதில் நிரப்பி, எண்ணிக்கையைத் திருப்பித் தருகிறது. கடைசி உள்ளீடாகச் சுழியைக் கொடுத்தால் ஓடுபவை, நின்றவை எல்லாமே வரும். இங்கே விடுவிக்க வேண்டியவை, அதாவது நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை, இரண்டு அடுக்குகளாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்: முதலில் வரிசையிலுள்ள ஒவ்வொரு பாயிண்டரையும் "விர்டொமைன்ஃப்ரீ" கொண்டு விடுவிக்க வேண்டும், அதன் பிறகே வரிசையைச் சி மொழியின் வழக்கமான "ஃப்ரீ" கொண்டு விடுவிக்க வேண்டும். வரிசையை மட்டும் விடுவித்தால் உள்ளே இருந்த பாயிண்டர்கள் கசிந்துவிடும், அதாவது அவற்றின் நினைவகம் திரும்பக் கிடைக்காமல் போகும்.

எழுத்துகளின் தொடரான சரங்களை யார் விடுவிப்பது என்று அறிய எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. டொமைனின் பெயரைத் தரும் செயற்கூறு "கான்ஸ்ட்" (மாற்றக் கூடாதது) என்று அறிவிக்கப்பட்ட சரத்தைத் தருகிறது. அது டொமைன் பாயிண்டருக்குச் சொந்தமானது, நாம் விடுவிக்கக் கூடாது, பாயிண்டரை விடுவித்த பின் தொடவும் கூடாது. டொமைனின் முழு அமைப்பை எக்ஸ்எம்எல் வடிவில் தரும் செயற்கூறின் அறிவிப்பில் "கான்ஸ்ட்" இல்லை. அந்தச் சரம் நம்முடையது, விடுவிப்பதும் நம் பொறுப்பு.

ஒவ்வொரு டொமைன் பாயிண்டரும் இணைப்பின் மீது ஒரு பற்றை (ரெஃபரன்ஸ்) வைத்திருக்கிறது; எல்லாப் பற்றுகளும் விடப்படும் வரை இணைப்பு மூடாது. ஆகவே இறுதியில் "விர்கனெக்ட்குளோஸ்" அழைக்கும்போது அது திருப்பித் தரும் எண்ணைப் பார்ப்பது பயனுள்ளது. சுழி வந்தால் இணைப்பு முழுமையாக மூடப்பட்டது என்று பொருள். சுழியைவிடப் பெரிய எண் வந்தால், எங்கோ ஒரு பாயிண்டர் விடுவிக்கப்படாமல் நிற்கிறது.

இரண்டு ஆயுள்கள் என்பதன் முழு அழுத்தமும் தெரிவது டொமைனை நிறுத்தும் இடத்தில்தான். "விர்டொமைன்ஃப்ரீ" நம் பாயிண்டரை மட்டும் விடுவிக்கிறது. மெய்நிகர் கணினிக்கு எதுவும் ஆவதில்லை. "விர்டொமைன்ஷட்டவுன்" உள்ளே ஓடும் இயங்குதளத்திடம் அணைந்துகொள்ளும்படி கேட்கிறது. அந்த இயங்குதளம் அதற்கு இணங்கலாம், இணங்காமலும் போகலாம், ஆகவே வெற்றி என்று விடை வந்தால் கோரிக்கை அனுப்பப்பட்டது என்றுதான் பொருள். "விர்டொமைன்டிஸ்ட்ராய்" மின்சாரத்தைப் பிடுங்குவதற்கு ஒப்பானது. எழுதி முடிக்காத தரவு இழக்கப்படலாம், ஆனால் வட்டுக் கோப்போ, சேமித்த அமைப்போ அழிவதில்லை, நம் பாயிண்டரும் விடுவிக்கப்படுவதில்லை. சேமித்த அமைப்பை நீக்குவதற்கு "விர்டொமைன்அன்டிஃபைன்" என்ற தனிச் செயற்கூறு உண்டு. உருவாக்கும்போதும் இதே பிரிவு தொடர்கிறது: எக்ஸ்எம்எல்லை "விர்டொமைன்கிரியேட்எக்ஸ்எம்எல்" வழியே கொடுத்தால் டொமைன் உடனே ஓடத் தொடங்கும், நின்றதும் சுவடின்றி மறையும், "விர்டொமைன்டிஃபைன்எக்ஸ்எம்எல்" வழியே கொடுத்தால் அமைப்பு சேமிக்கப்படும், ஓடவைப்பது தனி வேலை.

ஓடும் டொமைனின் நிலையை "விர்டொமைன்கெட்இன்ஃபோ" ஒரே கட்டமைப்பில் தருகிறது. அதில் நினைவகம் கிபிபைட்டுகளிலும் (1024 பைட்டுகள் கொண்ட அலகு), செலவான சிபியு நேரம் நானோவினாடிகளிலும் இருக்கும். சிபியு நேரம் தொடர்ந்து கூடிக்கொண்டே போகும் எண் என்பதால், பயன்பாட்டு விகிதத்தை அறிய இருமுறை அளக்க வேண்டும். 5 வினாடி இடைவெளியில் அந்த எண் 250 கோடி கூடியிருந்தால், 2.5 வினாடி சிபியு நேரம் செலவாகியிருக்கிறது. ஒரு சிபியுவின் 50 விழுக்காடு. டொமைனுக்கு இரண்டு சிபியுக்கள் தரப்பட்டிருந்தால், அதன் பங்கில் 25 விழுக்காடு.

பிழைகளைக் கையாள்வதிலும் பொருள் வெளியே இருக்கிறது என்ற நினைவு தேவை. நாம் வைத்திருக்கும் டொமைன் பாயிண்டர் செல்லுபடியாகும் நிலையிலேயே, அது குறிக்கும் டொமைனை வேறு யாரேனும் நீக்கியிருக்கலாம். அப்போது நிரல் சரிந்துவிடாது. அழைப்பு தோல்வியடைந்து, டொமைன் காணப்படவில்லை என்ற பிழை எண் 42 கிடைக்கும். இதை "விர்கெட்லாஸ்ட்எரர்" வழியே பெறலாம். ஒவ்வொரு திரெட்டுக்கும் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழைக்கும்) கடைசிப் பிழை தனித்தனியே வைக்கப்படுகிறது. அதே திரெட்டில் அடுத்த லிப்விர்ட் அழைப்பு அதை மாற்றிவிடக்கூடும் என்பதால் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டொமைன் தொடங்கியதையும் நின்றதையும் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிராமல், நிகழ்வாகவே பெறவும் வழி உண்டு. இதற்கான நிகழ்வுச் சுழலை (நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து அவற்றைக் கையாளும் நிரல் பகுதியை) இணைப்பைத் திறப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். திறந்தபின் பதிவு செய்தால் அந்த இணைப்புக்கு நிகழ்வுகள் வந்து சேரா. நிகழ்வு வரும்போது நம் செயற்கூறுக்கு டொமைன் பாயிண்டர் ஒன்று தரப்படுகிறது. அது நிரலகம் தற்காலிகமாகக் காட்டுவது. நம் செயற்கூறு முடிந்ததும் நிரலகமே அதை விடுவித்துவிடும். பின்னர் பயன்படுத்த அதை வைத்துக்கொள்ள விரும்பினால், அங்கேயே "விர்டொமைன்ரெஃப்" அழைத்து நமக்கென ஒரு பற்றை எடுத்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் "விர்டொமைன்ஃப்ரீ" கொண்டு அதை விட்டுவிட வேண்டும்.