பிரெசிபிடேட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலைய வேலைக்குப் போகிறவர்கள் யாரும், புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கும் கருவியை எலக்ட்ரோஸ்டாட்டிக் பிரெசிபிடேட்டர் என்று முழுப்பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. எல்லாருக்கும் அது ஈஎஸ்பி. "ஈஎஸ்பியில ஒரு ஃபீல்டு போச்சு" என்று, அதாவது அதன் ஒரு பகுதி வேலை செய்யவில்லை என்று, என் அத்தை மகன் போனில் சொன்னால், அன்று வீட்டுக்கு வர நேரமாகும் என்று அர்த்தம்.

நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கும்போது சாம்பலில் பெரும்பகுதி புகையோடு கிளம்பிவிடும். புகைபோக்கிக்குப் போகுமுன் அதை மடக்கிப் பிடிப்பதுதான் இதன் வேலை. உள்ளே உயரமான இரும்புத் தகடுகள் வரிசையாகத் தொங்கும், இடையிடையே கம்பிகள். கம்பிக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால் சுற்றியுள்ள வாயு அயனியாகும், சாம்பல் துகளில் எதிர்மின்னூட்டம் ஏறும், துகள் தகட்டுக்கு இழுபட்டு ஒட்டும். தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுமே, அதே மாதிரி. அப்புறம் சுத்தியல் தகட்டைத் தட்டும். பாயை உதறினாற்போல, அப்பியிருந்த சாம்பல் பாளம் பாளமாக அடியிலுள்ள ஹாப்பர் என்ற புனல் வடிவத் தொட்டியில் விழும். நன்றாகப் பராமரித்தால் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சிக்கிவிடும்.

1885இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் வேல்ஸில் ஓர் ஈய உருக்காலையில் இதை முயன்று தோற்றார். கலிபோர்னியாவில் வேதியியலாளர் ஃபிரெடரிக் காட்ரெல் கந்தக அமிலப் புகையைப் பிடித்துக் காட்டி, 1908இல் காப்புரிமை பெற்றார்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'கபுட்' என்றால் தலை. தலைகுப்புறத் தள்ளுவது என்பதே மூலப்பொருள். கரைசலிலிருந்து திடப்பொருள் பிரிந்து அடியில் இறங்குவதை வேதியியலார் இந்தச் சொல்லால் குறித்தார்கள். நம் பள்ளிப் பாடத்தில் அது வீழ்படிவு. அதை ஒட்டியதுதான் 'நிலைமின் வீழ்படிவாக்கி'. பிழையான சொல் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சோதனைக்குழாய்தான் கண்முன் வருகிறது. இங்கே துகள் முதலில் வீழ்வதில்லை, படிகிறது. மின்விசிறி இறக்கையைப் பார்த்து "தூசு படிஞ்சிருக்கு" என்கிறோமே, அந்தப் 'படி' போதும். படியச் செய்வது படிவித்தல். ஆகவே 'நிலைமின் தூசு படிவிப்பான்' என்பதே என் பரிந்துரை.

அத்தை மகனிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்ப ஹாப்பருக்கு?" என்றார். மேலே கொட்டி, அடியிலுள்ள துளை வழியாக நெல்லை எடுக்கும் பாத்திரத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. சாம்பல் குதிர்.