அமில மண்ணும் இலையுதிர் காலச் சிவப்பும்

வசந்தத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, இலை உதிர்க்கும் முன் ஆரஞ்சும் கருஞ்சிவப்புமாக நிறம் மாறும் அசேலியா, எங்கியாந்தஸ், ஃபாதர்கில்லா போன்ற புதர்களுக்கு அமில மண் இன்றியமையாதது. மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் மிகும்) ஏறத்தாழ 4.5 முதல் 6 வரை இருந்தால் அவை செழிக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ எவ்வளவு உரமிட்டாலும் தேறுவதில்லை.

முதன்மையான காரணம் இரும்பு. பெரும்பாலான மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை என்றாலும், பிஎச் உயர உயர அது நீரில் கரையாத சேர்மமாக இறுகிவிடுவதால் வேருக்கு எட்டாமல் போகிறது. இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. முதிர்ந்த இலையில் சேர்ந்துவிட்ட இரும்பைத் தளிருக்குத் திருப்பி அனுப்பவும் செடியால் எளிதில் இயலாது. ஆகவே பற்றாக்குறை முதலில் இளம் இலைகளில்தான் தெரியும்: நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளிர்மஞ்சளாகும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் நைட்ரஜன் குறைபாடு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் உரத்தைக் கொட்டுவது செடிக்குக் கேடு.

அசேலியாவின் வேர்கள் இன்னும் வியப்பூட்டுபவை. மயிரிழை போன்ற அந்த நுண்வேர்களில் வேர்த்தூவிகள் கிடையாது. மாறாக, வேரின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் பூஞ்சைகள், மட்கில் சிக்கியுள்ள நைட்ரஜனைச் சிதைத்தெடுத்துச் செடிக்குத் தருகின்றன. இவ்வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால், செடியைச் சுற்றிக் கொத்திவிடக் கூடாது. பைன் பட்டையையோ இலை மட்கையோ மூடாக்காகப் பரப்புவதே நல்லது.

இலையுதிர் கால நிறமும் இதே சங்கிலியின் தொடர்ச்சிதான். பச்சையம் சிதையும்போது, இலையில் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனினோ, இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு அப்போது புதிதாக உருவாகிறது. வெயில் மிகுந்த பகலும் உறைபனி விழாத குளிர்ந்த இரவும் அதைக் கூட்டுகின்றன. ஒரே புதரில் வெயில்படும் பக்கம் சிவந்தும் நிழற்பக்கம் மஞ்சளாகவும் நிற்பது இதனால்தான். கோடை முழுவதும் பச்சையம் குன்றிய இலையில் சர்க்கரையும் குறைவு என்பதால், அச்செடியிடம் அடர்ந்த சிவப்பை எதிர்பார்ப்பது வீண்.

அமிலம் போதாத மண்ணில் கந்தகத்தூளைக் கலந்தால் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் மண்ணின் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடுவதால், மழைநீரே பாசனத்துக்கு ஏற்றது. கவாத்து செய்வதானால், பூத்து முடிந்தவுடன் செய்துவிட வேண்டும். கோடை முடிவதற்குள் அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டுகள் கிளை நுனிகளில் உருவாகிவிடும்.