டிமைலினேஷன்: நீக்கமா, சிதைவா?

என் சித்தப்பா மகளுக்கு எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘டிமைலினேட்டிங் டிசார்டர்’ என்று இருந்தது. வலது கண்ணை அசைத்தால் வலிக்கிறது, சிவப்புச் சேலை வெளுத்த மாதிரி தெரிகிறது என்று ஆரம்பித்து இரண்டே வாரத்தில் அங்கே வந்து நின்றது. சித்தி என்னிடம், “நரம்புத் தளர்ச்சின்னு போட்டிருக்காடா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம் என்ன என்றதற்குத் தமிழில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து தேடிச் சேர்த்தது இது. (நரம்புத் தளர்ச்சி என்பது லாட்ஜ் வைத்தியர்களின் சுவர் விளம்பரச் சொல், அதை விட்டுவிடுவோம்.)

பொருள் எளிதுதான். நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்பும் புரதமுமாக ஒரு உறை இருக்கிறது, அதற்குப் பெயர் மயலின். அந்த உறை அழிந்துபோவது டிமைலினேஷன். உறை இல்லாத மெல்லிய இழையில் சமிக்ஞை நொடிக்கு 2 மீட்டர்கூடப் போகாது. நல்ல உறை போட்ட தடித்த இழையில் 100 மீட்டரையும் தாண்டும். எல்லோரும் இதை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு ஒப்பிடுகிறார்கள். பாதிதான் சரி. கம்பியின் உறை மின்சாரம் கசியாமல் காப்பதோடு சரி, நரம்பின் உறையோ துண்டு துண்டாக, இடையிடையே இடைவெளி விட்டு இருக்கிறது, சமிக்ஞை ஒரு இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போகிறது. உறை போனால் தாவல் நின்றுவிடும். உடம்பு சூடானால் மிச்சம் இருக்கிற ஓட்டமும் தடுமாறும். உடற்பயிற்சி செய்ததும் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இல் எழுதிவைத்தார். எங்கள் பெண்ணுக்குச் சித்திரை வெயிலில் ஏன் கண் மங்குகிறது என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

இப்போது சொல்லின் பூர்வீகம். ‘மயலின்’ என்று பெயர் வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, ஆண்டு 1854. கிரேக்கத்தில் ‘மூயெலோஸ்’ என்றால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. எலும்புக்குள் மஜ்ஜை போல நரம்புக்குள் இந்த வெண்பொருள் இருக்கிறது என்ற எண்ணத்தில் வைத்த பெயர். ஆனால் அது உள்ளே இல்லை, வெளியேதான் சுற்றியிருக்கிறது! உள்ளீடு என்று பொருள்படும் சொல்லை மேலுறைக்கு வைத்து நூற்றெழுபது ஆண்டுகளாக உலகமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் தமிழ் ஆளுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. நம் ‘மூளை’ என்ற சொல்லுக்கும் மஜ்ஜை என்ற பொருள் இருக்கிறது. சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகளில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு என்று வரிசையாக வந்து அடுத்து நிற்கும் ‘மூளை’, தலைக்குள் இருப்பது மட்டுமல்ல, எலும்புக்குள் இருப்பதும்தான். மூயெலோஸும் அப்படியே: மஜ்ஜையும் அதுதான், தண்டுவடமும் அதுதான். உடனே மூளையும் மூயெலோஸும் ஒரே வேர் என்று கிளம்பிவிடாதீர்கள், ஒலி ஒத்துப்போவதால் உறவு ஆகிவிடாது. ஆனால் இந்த இரட்டைப் பொருளைத் தெரிந்துகொண்டால் ஒரு குழப்பம் தீரும். மயலோமா என்றால் மஜ்ஜையில் வரும் புற்று, மயலைட்டிஸ் என்றால் தண்டுவட அழற்சி, போலியோமயலைட்டிஸ் என்கிற இளம்பிள்ளை வாதம் தண்டுவடத்தின் சாம்பல் பகுதியைத் தாக்குவது. எல்லாம் ஒரே கிரேக்க வேர், ஆனால் வேறு வேறு நோய். எங்கள் உறவுக்காரர் ஒருவர் மயலோமா பற்றிப் படித்துவிட்டு வந்து வீட்டையே அழவைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாடப்புத்தகத்தில் ‘மையலின் உறை’ என்று போடுகிறார்கள். மையல் என்றால் காதல் மயக்கம். ‘மையலின் உறை’ என்றதும் யாருடைய மையல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘மயலின்’ என்று எழுதினாலும் மயல் அதே மயக்கம்தான், தப்பிக்க வழியில்லை. ‘உறை’ நல்ல சொல். தலையணை உறை, வாளுறை எல்லாம் மேலே போடுவது என்பதால் ஒரு குறை சொல்லலாம்: இந்த உறை தனியாகச் செய்து மாட்டியது அல்ல. ஒரு செல் தன் சவ்வையே பாய் சுருட்டுவது போல நரம்பிழையைச் சுற்றிச் சுற்றிப் போர்த்துகிறது. கோழிக்கருவின் நரம்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1954-இல் பெட்டி கெரன் இதைச் சொன்னார். ஆனாலும் உறைகிணறு என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். கீழடியில் வந்ததே, சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அந்த ஒவ்வொரு வளையமும் உறைதான். துண்டு துண்டாகச் சேர்ந்து ஒரு நீளத்தைக் காக்கும் பொருளுக்கு இந்தச் சொல் நமக்கு முன்பே பழக்கம். இடைவெளிக்குப் பாடப்புத்தகம் ‘கணு’ என்கிறது, கரும்பில் இருக்கிறதே அது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே மயலினுக்கு நான் ‘நரம்புறை’ என்று எழுதுகிறேன்.

சிக்கல் ‘டி’ என்ற முன்னொட்டில்தான். அது வந்தாலே நம் ஆட்கள் யோசிக்காமல் ‘நீக்கம்’ போட்டுவிடுகிறார்கள், உப்பு நீக்கம், பணமதிப்பு நீக்கம், அந்த வரிசையில் ‘மயலின் நீக்கம்’. இலக்கணப்படி தூங்கு தூக்கம் ஆவது போல நீங்கு என்பதும் நீக்கம் ஆகலாம், தானாக நீங்கியது என்று வாதாடலாம்தான். ஆனால் பதவி நீக்கம், பணிநீக்கம் என்று கேட்டுப் பழகிய காதில் யாரோ வேண்டுமென்றே எடுத்துவிட்ட மாதிரிதான் அது விழும். ஆபரேஷன் பெயர் போலவும் இருக்கிறது. ‘நரம்புறைச் சிதைவு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை, நன்றாக இருந்தது பின்னால் கெட்டது என்பதும் தெளிவாகிவிடும். அது முக்கியம், ஏனென்றால் பிறவியிலேயே உறை சரியாக உருவாகாத மரபு நோய்களும் உண்டு, அவை வேறு கணக்கு. அவற்றுக்கு ‘உறைக் குறைபாடு’ போதும்.

இந்த நோய்களுக்கு முன்னால் சேர்க்கும் ‘ஆட்டோஇம்யூன்’ என்ற சொல்லுக்கு வருவோம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது. லத்தீனில் ‘இம்யூனிஸ்’ என்றால் ஊர்க்கடமையிலிருந்து, வரியிலிருந்து விலக்குப் பெற்றவன். அதை நோயிலிருந்து விலக்கு என்று ஆக்கினார்கள். நாம் ‘நோய் எதிர்ப்பு’ என்று நேராகப் போருக்கே போய்விட்டோம். ‘தன்னுடல் தாக்குநோய்’ என்று எழுதுகிறார்கள், புரிகிறது, நீளம்தான் குறை. ‘தன்னெதிர்ப்பு’ எனக்குப் பிடிக்கும். உடம்பு தன்னைத்தானே தாக்குவது நடவாத காரியம் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள், ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் 1900-களின் தொடக்கத்தில் சொன்ன ஒரு கருத்தைச் சட்டம் போலப் பிடித்துக்கொண்டு.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது நாய்க்கடி ஊசியால். 1885-இல் பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டது முயலின் தண்டுவடத்தைக் காயவைத்துச் செய்ததில். போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு வெறிநோய் வரவில்லை, ஆனால் கைகால் விழுந்துவிட்டது. கிருமியா, மூளைப்பொருளா, எது காரணம்? நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்குக் கிருமியே இல்லாத முயல் மூளைச்சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது, நரம்புறை சிதைந்திருந்தது. 1933-இல் இது வெளிவந்தது. இன்றைக்கும் இந்த நோய்களுக்கான மருந்துகளை எலிகளில் சோதிக்கும் முறை அங்கிருந்து வளர்ந்ததுதான். நம் ஊரில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்துவார்களே, அது செம்மறியாட்டு மூளையில் தயாரான செம்பிள் தடுப்பூசி. அதைப் போட்டு வாதம் வந்த தாய்லாந்து நோயாளிகளின் உடம்பில் நரம்புறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருப்பதை 1987-இல் காட்டினார்கள். ஆட்டின் நரம்புறையைப் பார்த்துப் பழகிய படை சொந்த வீட்டின் உறையையும் எதிரி என்று நினைத்துவிட்டது. அந்த ஊசி இந்தியாவில் நின்று இருபது ஆண்டுகள்தான் ஆகிறது.

இந்த நோய்க் குடும்பத்தில் பெரிய பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பு மருத்துவர் 1868-இல் விவரித்தார், மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே இறுகிப்போன திட்டுகள் என்று. தமிழில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று ஓடுகிறது. மூளையை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை. மரப்பு என்றால் நமக்கு மரத்துப்போவதுதான் நினைவுக்கு வரும், மூலச்சொல்லோ இறுகுவது. நான் ‘பல்தழும்பு நோய்’ என்பேன், பேசும்போது எம்எஸ் போதும்.

குயிலன்–பாரே என்பது கைகால் நரம்புகளில் உறை சிதைவது, 1916-இல் விவரித்தார்கள், அது பெரும்பாலும் தேறிவிடும். இன்னொன்று, டெவிக் 1894-இல் லியோனில் விவரித்த நோய், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்குவது. ஜப்பானில் இதை எம்எஸ்ஸின் ஒரு வகை என்றே வெகுநாள் கணக்கு வைத்திருந்தார்கள். 2004-இல் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு இதற்கென்று ஒரு எதிர்ப்பொருளைக் கண்டது. அடுத்த ஆண்டே அது குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற நீர்வழிப் புரதத்தை என்று தெரிந்தது. அந்தப் புரதம் இருப்பது நரம்புறையில் அல்ல, பக்கத்தில் இருக்கும் நட்சத்திர வடிவச் செல்களில். அவை விழுந்த பிறகுதான் உறை போகிறது. அப்படியென்றால் இதை உறைச் சிதைவு நோய் என்று சொல்லலாமா? வழக்கத்தால் சொல்கிறார்கள். விஷயம் வெறும் பெயரோடு நிற்கவில்லை: எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான்-பீட்டா இந்த நோயை மோசமாக்கிவிடும். எங்கள் பெண்ணுக்கும் முதலில் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைத் தேடிவிட்டுத்தான் மருந்தைத் தொடங்கினார்கள், இல்லை என்று வந்தது.

அவளுக்கு எம்எஸ்தான். காரணம் கேட்டால் ஒரே பதில் கிடையாது. அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிக்கும் அதிகமானோரின் பதிவுகளைப் பார்த்து 2022-இல் ஹார்வர்டு குழு வெளியிட்ட ஆய்வில், எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு ஏறியிருந்தது. ஆனால் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது, எம்எஸ் சிலருக்குத்தான்.

இன்னும் ஒரு சொல் பாக்கி, ‘ரீமைலினேஷன்’. போன உறை திரும்ப வளர்வது. உடம்பு கொஞ்சம் தானாகவே செய்யும், மெல்லிசாக. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பழைய மருந்தான கிளமாஸ்டினை 50 எம்எஸ் நோயாளிகளுக்குக் கலிஃபோர்னியாவில் கொடுத்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள்: கண்ணிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை போய்ச் சேரும் தாமதம் 1.7 மில்லிநொடி குறைந்தது. அவ்வளவுதான், ஆனால் குறைந்தது. இதற்கு ‘மறுமயலினாக்கம்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ‘உறை மீள்வளர்ச்சி’ என்று சித்தியிடம் சொன்னேன். “உறை திரும்ப வளருமாம்” என்று அவர் போனில் தன் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.