ஏஎம்டி விலையைக் கூட்ட முடிந்தது எப்படி? கோர் மேல் ஏறிய கேச்

கணினிச் சிப் நிறுவனமான ஏஎம்டி 2012இல் வெளியிட்ட எஃப்எக்ஸ்-8350 சிப்பின் விலை 195 டாலர். எட்டு கோர் (கணக்கிடும் மையம்) என்று சொல்லி விற்றார்கள். ஆனால் இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசமக் கணக்குப் பிரிவைப் பங்குபோட்டுக்கொண்டன. தனி கோரின் வேகத்தில் போட்டி நிறுவனமான இன்டெலை எட்ட முடியவில்லை. எனவே விலையைக் குறைத்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் எட்டு கோர்தான். அன்றைய விலை 449 டாலர். 2017இல் வந்த ஜென் வடிவமைப்பு கோரைச் சீராக்கியது உண்மை. ஆனால் இந்தச் சிப்பைத் தனித்துக் காட்டியது கேச், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்.

கோர் கேட்கும் தரவு சிப்பிலுள்ள மூன்றாம் நிலை கேச்சில் இருந்தால் சுமார் 10 நானோநொடியில் கிடைக்கும். சிப்புக்கு வெளியே உள்ள ரேமுக்குப் போனால் 70, 80 ஆகும். அதுவரை கோர் பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். கேம்களில் இது அதிகம். அவற்றின் தரவு நினைவகத்தில் சிதறிக் கிடக்கும், அடுத்து எது தேவைப்படும் என்று ஊகிப்பது கடினம்.

கேச்சைப் பக்கவாட்டில் பெருக்கினால் சிப்பின் பரப்பு கூடும்; பரப்பு கூடக்கூட வேஃபரில் (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) பழுதாகும் சிப்புகளின் விகிதமும் ஏறும். ஆகவே மாடி கட்டினார்கள். 32 மெகாபைட் கேச்சுக்கு நேர் மேலே, 64 மெகாபைட் கேச் மட்டுமே கொண்ட இன்னொரு சில்லு. இரண்டின் செப்பு முனைகளும் சால்டர் (பற்றவைக்கும் உலோகம்) இல்லாமல் நேரடியாக ஒட்டுகின்றன. முனைக்கு முனை 9 மைக்ரான் இடைவெளி.

சிக்கல் வெப்பத்தில் வந்தது. உயரத்தைச் சமமாக்க கோர்களின் மேல் வெறும் சிலிக்கான் துண்டுகளை வைத்தார்கள். கோரின் சூடு அதைக் கடந்துதான் கூலரை அடையும். மின்னழுத்தத்தையும் அடக்க வேண்டியிருந்தது. மாடி இல்லாத 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் தொட, 5800எக்ஸ்3டி 4.5இல் நின்றது, ஓவர்கிளாக்கிங்கையும் (நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது) பூட்டினார்கள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அடுக்கைத் தலைகீழாக்கினார்கள்: கேச் கீழே, கோர் மேலே. வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ், பூட்டு இல்லை, வெளியானபோது விலை 479 டாலர்.

இடையே 2023இல், ஏஎம்5 சாக்கெட் கொண்ட மதர்போர்டுகள் சிலவற்றில், இதே வகையான 7800எக்ஸ்3டி சிப்புகள் கருகின. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போவை இயக்கியதும், போர்டு எஸ்ஓசி மின்னழுத்தத்தை (சிப்பில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) அளவுமீறி ஏற்றியதுதான் காரணம். ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது. பழைய போர்டு வாங்கினால் எக்ஸ்போவைத் தொடும் முன் பயாஸைப் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள்.

வீடியோ ரெண்டரிங்தான் வேலை என்றால் கூடுதல் கேச்சால் பெரிய பலன் இல்லை. அதே பணத்துக்கு அதிக கோர் கிடைக்கும். 4கே கேமிங்கிலும் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.