உதவி ஆசிரியை சான்றிதழ்: எங்கே செல்லும், எங்கே செல்லாது

"ஏனுங்க்கா, இதைய வெச்சு கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல அசிஸ்டெண்ட் டீச்சரா போயிக்கலாமுங்களா?"

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீதிக்கு இரண்டு வீதி தள்ளிக் குடியிருக்கும் பெண் கேட்டாள். ப்ளஸ் டூ முடித்தவள். வீட்டுக்காரர் பெருந்துறை சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். மகன் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்துவிட்டதால் பகலில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. ஆறு மாதம் சனி, ஞாயிறு உதவி ஆசிரியைப் பயிற்சி வகுப்புக்குப் போய், லேமினேட் செய்த ஒரு சான்றிதழோடு வந்திருந்தாள்.

போக முடியாது என்பதுதான் பதில். ஆனால் அதற்காக அந்தக் காகிதம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது.

முதலில் 'அசிஸ்டெண்ட்' என்ற வார்த்தையைப் பார்த்துவிடுவோம். நம்மூர் அரசுப் பள்ளியில் பி.டி. அசிஸ்டெண்ட் என்றால் பட்டதாரி ஆசிரியர், பி.ஜி. அசிஸ்டெண்ட் என்றால் முதுகலை ஆசிரியர். இரண்டும் முழு ஆசிரியர் பதவிகள். யாருக்கும் உதவிக்கு நிற்கிற வேலை இல்லை. இது போதாதென்று, ஒன்று முதல் ஐந்து வரை பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் 'செகண்டரி கிரேடு' என்று பெயர். இப்படிப் பெயர் வைத்த புண்ணியவானால் இன்றுவரை குழப்பம் தீரவில்லை. வெளிநாட்டில் உள்ளதுபோல வகுப்பாசிரியைக்குத் துணையாக நிற்கும் 'டீச்சிங் அசிஸ்டெண்ட்' என்ற நிரந்தரப் பதவி நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கிடையாது. இல்லாத பதவிக்குத்தான் ஆறு மாதப் பயிற்சி விற்கிறார்கள்.

ஒன்று முதல் எட்டு வரை யார் பாடம் நடத்தலாம் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 23ஆம் பிரிவு. அதன் கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ. என்றால் தெரியும்) 2010 ஆகஸ்ட் 23 அன்று தகுதிகளை அறிவித்தது. தொடக்க வகுப்புகளுக்கு ப்ளஸ் டூவில் 50 சதவீதம், இரண்டாண்டு டி.எல்.எட். பட்டயம், அதன்மேல் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி. பட்டியலினத்தவர் போன்ற பிரிவினருக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு. பழைய ஆட்கள் 'டீச்சர் ட்ரெய்னிங்' என்று சொல்வது இந்த டி.எல்.எட்.டைத்தான். பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்புக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. பி.எட்.டுக்கே இடமில்லாத இடத்தில் வார இறுதிச் சான்றிதழ் எப்படி நுழையும்? இந்தத் தகுதி தனியார் பள்ளிக்கும் பொருந்தும். நடைமுறையில் பல பள்ளிகள் என்ன செய்கின்றன என்பது ஊருக்கே தெரிந்த கதை.

டெட் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். பொதுப்பிரிவினர் 90 வாங்க வேண்டும். 2021இல் வந்த அறிவிப்பின்படி அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும். டெட் பாஸ் ஆனதுமே வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2018இல் வந்த அரசாணை 149ன்படி பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

இனி அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். மேசைமேல் வைத்து இரண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். மேலே தங்க நிறத்தில் வட்ட முத்திரை. அதற்குக் கீழே 'அரசு பதிவு பெற்றது' என்று ஒரு வரி, பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. 9001, ஓரத்தில் உத்யம் எண். பார்க்க என்னமோ கலெக்டர் ஆபீஸ் ஆர்டர் மாதிரிதான் இருந்தது. ஆனால் பதிவு பெற்றது அந்த அறக்கட்டளை, படிப்பு அல்ல. நாலு பேர் கூடி எழுதிக்கொடுத்தால் பதிவுத்துறை அறக்கட்டளையைப் பதிவு செய்துவிடும். அவர்கள் என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று அது கேட்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான தரச்சான்று, நூல் மில்லும் வாங்கலாம். உத்யம் என்பது சிறுதொழில் பதிவு, மாவு மில்லுக்கும் அதே எண்தான். 'பட்டம்' கொடுக்கத்தான் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டத்தின் 22ஆம் பிரிவு தடை போடுகிறது. பல்கலைக்கழகமோ அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் பட்டம் தரலாம். 'சான்றிதழ்' என்ற சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை, பிரிண்டர் வைத்திருக்கும் யாரும் அடித்துக்கொடுக்கலாம்.

அதனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? பல்கலைக்கழகமா, அதனோடு இணைந்த கல்லூரியா, தொழிற்கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.வி.இ.டி. அங்கீகரித்த அமைப்பா, இல்லை டிரஸ்ட்டின் செயலாளர் மட்டுமா? கல்லூரி வளாகத்தில் வகுப்பு நடப்பதும் கல்லூரியே சான்றிதழ் தருவதும் ஒன்றல்ல. ஹால் வாடகைக்கு எடுத்தவர்களும் கல்லூரிப் பெயரை நோட்டீஸில் பெரிதாகப் போடுகிறார்கள்.

அப்படியானால் இந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்? எல்.கே.ஜி., யு.கே.ஜி., ப்ளே ஸ்கூல். கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள வகுப்புகளுக்கு டெட் கேட்பதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று நம் பக்கம் தனியார் பள்ளிக்குப் பஞ்சமே இல்லை. கே.ஜி. வகுப்புக்கு ஒரு மிஸ், கூட ஒரு துணை மிஸ் என்று வைத்திருக்கும் பள்ளிகள் ஏராளம். அங்கே சேர்த்துக்கொள்வதும் மறுப்பதும் பள்ளியின் முடிவு. சான்றிதழ் இருந்தால் நேர்காணல் வரை கூப்பிடுவார்கள், அதற்குமேல் நம் கையில்தான் இருக்கிறது.

அந்த வேலை என்னவென்று பயிற்சி மையங்கள் சொல்லாததை நான் சொல்கிறேன், மூன்று வருடம் பார்த்தவள். காலை எட்டே காலுக்கு வேன் வரும். இறங்கும்போதே அழும் பிள்ளையை ஒரு இடுப்பிலும், லஞ்ச் பையை மறு கையிலும் தூக்கிக்கொள்ள வேண்டும். திருப்பூரில் நான் இருந்த வகுப்பில் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. முதல் பத்து நாள் பேசவே இல்லை. அவனுக்கு ஒன்னுக்கு வந்தால் ஸ்லேட்டை எடுத்துக் கவிழ்த்து வைப்பான். அதைப் பெரிய மிஸ் கவனிக்கவில்லை, துணை மிஸ்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பென்சில் பிடிக்கும் விரலைத் திருத்துவது, டைரி எழுதுவது, சோற்றைப் பிசைந்து கொடுப்பது, சாயங்காலம் வேன் ட்யூட்டி, ஆண்டு விழாவுக்கு இருபது ஜோடி இறக்கை வெட்டுவது, எல்லாம் அந்த வேலையில் அடக்கம். ஆகவே நல்ல பயிற்சி என்றால் நிஜ வகுப்பறையில் எத்தனை வாரம் நிற்க விடுகிறார்கள் என்பதே கணக்கு. நாலு வாரமாவது இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல தையல் மிஷின் வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டபிறகு ஒரு பள்ளி ஏழு மாதம் நடக்க வைத்தது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி என்றால் பி.எஃப். பிடித்தாக வேண்டும். மாதச் சம்பளம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது கட்டாயம். நியமன ஆணை கையில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

பலருக்கும் தெரியாத ஒன்று: சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற ஒரு அரசு வேலைக்கு இந்த மாதிரி பயிற்சிச் சான்றிதழே தேவையில்லை. அங்கன்வாடியைச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க 7,783 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதில் பணியாளருக்கு ப்ளஸ் டூ, வயது 25 முதல் 35 வரை. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, வயது 20 முதல் 40 வரை. கணவரை இழந்தவர்கள், ஆதரவற்ற பெண்கள் போன்றோருக்கு வயதில் தளர்வு உண்டு. முதல் பன்னிரண்டு மாதம் பணியாளருக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100 ரூபாய். பிறகு காலமுறை ஊதியத்துக்கு வரும். பயிற்சியைத் துறையே தரும். உள்ளூர்க்காரர் என்று காட்ட இருப்பிடச் சான்றும் ரேஷன் கார்டும் சரியாக இருக்க வேண்டும், அதை இப்போதே ஒழுங்கு செய்து வைப்பது நல்லது. மாமியார் வீட்டு முகவரிக்கு கார்டு மாற்றாமல் வாய்ப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்ய விருப்பம் உள்ளவர்களுக்கு வழி வேறு. கோவைப் பள்ளிகளில் 'ஷேடோ டீச்சர்' என்று ஒரே பிள்ளைக்குத் துணையாக அமர்த்துகிறார்கள். ஆனால் சிறப்புக் கல்வியாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். கவுன்சில் அங்கீகரித்த படிப்பை மட்டும் பாருங்கள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலய வளாகத்தில் இத்துறைக்கான படிப்புகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன.

இரண்டு வருடம் ஒதுக்க முடிந்தால் நேராக டி.எல்.எட். படிப்பதே மேல். பெருந்துறை, உடுமலை பக்கம் திருமூர்த்தி நகர், சேலம் உத்தமசோழபுரம், கரூர் மாயனூர் ஆகிய ஊர்களில் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தந்த ஆண்டு எங்கெல்லாம் டி.எல்.எட். சேர்க்கை என்பது அறிவிப்பில் வரும். தனியார் நிறுவனம் என்றால் என்.சி.டி.இ. இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அது 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவையில்தான் தொடங்கியது. நேரில் வகுப்புக்குப் போகிறவர்களுக்கே இந்தப் பணம், தபால் வழிப் படிப்புக்கு வராது.

அந்தப் பெண் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டில் இன்னும் அம்மா வீட்டு முகவரிதான் இருக்குதுங்க்கா என்றாள். இப்பவே இ-சேவை மையத்துக்குப் போனால் மூடுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றேன்.